அந்த டியூப் இன்றைக்கும் வேண்டுமா? – கடலூர், புதுச்சேரி மருத்துவமனைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

தலைமை மருத்துவமனைக் கண்காணிப்பாளர், நிலைய மருத்துவ அலுவலர், செவிலியர் கண்காணிப்பாளர், பத்துக் கட்டில் போட்டு நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டர் என்று கடலூர் மாவட்டத்திலும் பக்கத்துப் புதுச்சேரியிலும் ஒரு வார்டுக்காவது பொறுப்பாக இருக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் 34 வருடம் அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு திருப்பாதிரிப்புலியூரில். யாரையும் மாட்டிவிடுவதற்காக எழுதவில்லை. அப்படி மாட்டிவிடுவதென்றால் முதல் ஆளாக நானே மாட்டிக்கொள்வேன். அது ஏன் என்று போகப்போகத் தெரியும்.

விஷயம் யூரின் டியூப், அதாவது மூத்திரம் தானே வடிய மூத்திரப்பைக்குள் போட்டு வைக்கும் குழாய்.

போன ஐப்பசி மழையில் என் பெரிய அண்ணன் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். வயது 74. பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் பார்த்தவர், உடம்பில் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. இடது தொடை எலும்பின் கழுத்தில் முறிவு. எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. தியேட்டரிலேயே டியூப் போட்டார்கள். அந்த நேரத்தில் அது தேவைதான். மறுநாள் சாயங்காலம் பிசியோதெரபி தம்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார். அதற்கும் மறுநாள் அண்ணன் வாக்கர் பிடித்து நான்கு எட்டு நடந்தார். அண்ணி யூரின் பேக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். "குடை பிடிச்சிக்கிட்டுப் போற மாதிரி இருக்குதே" என்று பக்கத்துக் கட்டில் பெரியவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நடக்கிற மனுஷனுக்கு இனி எதற்கு டியூப் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. சர்வீஸில் இருந்தபோது இன்னொரு வார்டு ஆள் வந்து என் நோயாளியைப் பற்றிக் கேட்டால் எனக்கே முகம் சுருங்கும். அந்த நினைப்பில், ரிட்டையர்டு ஆனவள் வந்து அதிகாரம் பண்ணுகிறாள் என்று அந்தச் சின்னப் பெண்கள் நினைத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். நாளைக்கு எடுத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாளைக்கு எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. நான்காம் நாள் எக்ஸ்ரேவுக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனபோது பேக்கைத் தூக்கி அவர் வயிற்றின் மேல் வைத்தார்கள். அரைப் பேக் நிறைந்திருந்தது. டியூபுக்குள் மூத்திரம் பின்னோக்கி ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். நான் எடுத்துக் கீழே மாட்டியதும் வார்டு தம்பி, "லிஃப்ட் கதவுல மாட்டிக்கும்மா, அதான் மேல வச்சேன்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் பேக்கைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆறாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் கடகடவென்று ஆடியது. பல் கிட்டிப்போய் நடுங்குகிறார். இரண்டு கம்பளி போர்த்தியும் நிற்கவில்லை. அப்புறம் 103 டிகிரி காய்ச்சல். என்னைப் பார்த்து "அம்மா" என்றார். எங்கள் அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது. "மாட்டுக்குத் தண்ணி காட்டினியாம்மா, தொழுவத்துல கட்டினியா" என்று விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். வயசானவர்களுக்கு டியூப் வழியாக வரும் மூத்திரத் தொற்று ரத்தத்தில் ஏறினால் புத்தி தடுமாறும் என்று எத்தனை பேரின் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறேன்! ஆனால் சொந்த அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு மாட்டைப் பற்றிக் கேட்டபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. விடிகாலையில் பிரஷர் இறங்கி, நான்கு நாள் ஐசியூ. கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிளெப்சியெல்லா என்ற கிருமி வந்தது. சாதாரண மருந்துகள் எதற்கும் அது மசியவில்லை. விலை கூடிய ஊசி போட்டுத்தான் மீட்டார்கள். மீண்டார். ஆனால் மூன்றாம் நாள் நான்கு எட்டு வைத்தவர், மறுபடி எட்டு வைக்க ஒன்றரை மாதம் ஆயிற்று.

ஐசியூவில் ஒருநாள் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு கேட்டேன்: "ஆறு நாள் டியூப் எதுக்கு சார் இருந்தது?" அந்த டாக்டர் பொறுமையாகக் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். டியூப் போட்டதற்கான காரணம் எழுதப்படவில்லை. எடுக்க வேண்டிய நாளும் எழுதப்படவில்லை. எலும்பு டாக்டர், பொது மருத்துவர் மூத்திர அளவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். பொது மருத்துவர், இது எலும்பு டாக்டரின் டியூப், அவர் எடுப்பார் என்று இருந்திருக்கிறார். சிஸ்டர்கள் இரண்டு பேரின் உத்தரவுக்கும் காத்திருந்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

இது எங்களுக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. அமெரிக்காவில் நான்கு மருத்துவமனைகளில் டாக்டர்களிடம், உங்கள் நோயாளிகளில் யார் யாருக்கு டியூப் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2000இல் வெளியானது. டியூப் இருந்த நோயாளிகளில் 28 சதவீதம் பேரைப் பொறுத்தவரை, அது இருப்பதே டாக்டருக்குத் தெரியவில்லை. பெரிய டாக்டர்களிடம் இது 38 சதவீதம். மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் அவர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. போர்வைக்கு அடியில் இருக்கிற பொருள். தூக்கிப் பார்க்கிறவருக்குத்தானே தெரியும்.

உங்களுக்குத் தெரியாத மருத்துவத்தை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த மடலை நோயாளிக்குத் துணை இருக்கும் அட்டெண்டர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மூத்திரப்பையை உடம்பு சுத்தமாக வைத்துக்கொள்ளும் வழி மிகச் சாதாரணமானது: நிரம்பும், மொத்தமாக வெளியே தள்ளும், வழியிலிருக்கும் கிருமியும் அடித்துக்கொண்டு போகும். டியூப் போட்டதும் அந்தக் கழுவல் நின்றுவிடுகிறது. டியூப் நழுவாமல் இருக்க அதன் முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பலூன் உண்டு. டியூபின் ஓட்டை பலூனுக்கு மேலே இருப்பதால் பலூனைச் சுற்றி அடியில் எப்போதும் கொஞ்சம் மூத்திரம் தேங்கியே நிற்கும். கிருமி டியூபின் வெளிப்பக்கமாகத் தோலிலிருந்து ஏறலாம். பேக்கிலிருந்தோ இணைப்பிலிருந்தோ உள்பக்கமாகவும் ஏறலாம். பெண்களுக்கு மூத்திரப்பாதையே 4 சென்டிமீட்டர்தான், ஏறுவதற்கு அதிகத் தூரம் இல்லை. ஏறியது டியூபின் மேல் குளத்துப் பாசி மாதிரி ஒரு படலம் கட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாடிக் எளிதில் எட்டாது. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதிதாக மூத்திரத்தில் கிருமி சேருகிறது. ஒரு மாதம் வைத்திருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும். நாள்தான் இதில் கணக்கு. எந்தக் கம்பெனி டியூப் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இந்த டியூபை நாம் "ஃபோலீஸ்" என்று சொல்வது ஃபிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்க டாக்டரின் பெயர். 1930களில் புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தக்கசிவை அழுத்தி நிறுத்துவதற்காக அவர் பலூன் வைத்தார். பலூன் இருந்தால் டியூப் நழுவாமல் தானே நிற்கும் என்பது வசதியாகிப்போனது. தானே நிற்பதால்தான் நாமும் மறந்துவிடுகிறோம். ஆரம்பத்தில் டியூபின் முனையைத் திறந்த பாட்டிலில் விட்டுவிடுவார்கள். நான்கு நாளுக்குள் அநேகமாக எல்லோருக்கும் கிருமி ஏறிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்கூடக் காலி சலைன் பாட்டிலைக் கட்டிலில் கட்டி, அதில் டியூபைச் சொருகியிருக்கிறேன். மூடிய பேக் வந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் சாம்பிள் எடுக்கவென்றும், அடைப்பு பார்க்கவென்றும் இணைப்பைக் கழற்றி மாட்டினால், மூடிய பேக்கும் பழைய பாட்டிலும் ஒன்றுதான்.

சரி, ஏன் எடுக்காமல் விடுகிறோம்? மறதி ஒரு காரணம். ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை யாரும் வெளியே பேசுவதில்லை, நான் பேசுகிறேன்.

ராத்திரி டியூட்டியில் நாற்பது நோயாளிகளுக்கு நான் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். ஒரு ஆயாம்மா, அவரும் பிரசவ வார்டுக்குக் கூப்பிட்டால் போய்விடுவார். இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பாட்டிக்கு மணிக்கு ஒருதரம் பெட்பேன் வைத்து எடுக்க வேண்டும் என்றால் இரண்டு பேர் வேண்டும். டியூப் இருந்தால் யாரும் வேண்டாம். துணி நனையாது, பெட்ஷீட் மாற்ற வேண்டாம், அட்டெண்டர் சண்டைக்கு வரமாட்டார். அதனால் டாக்டர் "எடுத்துடலாமா சிஸ்டர்" என்று கேட்டபோது "இருக்கட்டும் சார், இன்னும் வீக்கா இருக்காங்க" என்று நான் சொல்லியிருக்கிறேன். வீக்காக இருந்தது பாட்டியா நானா என்று இப்போது யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. முதல் ஆளாக நானே மாட்டிக்கொள்வேன் என்று மேலே எழுதியது இதற்காகத்தான்.

ஆள் இல்லாத இடத்தில் டியூப் ஆளாக நிற்கிறது. கமோடு நாற்காலி இல்லாத இடத்தில் அது கமோடாக நிற்கிறது. உங்கள் எலும்பு முறிவு வார்டின் கழிப்பறையைத் தயவுசெய்து ஒருமுறை போய்ப் பாருங்கள். பல இடங்களில் வராந்தாவின் கடைசியில் இருக்கும், குத்துக்காலிட்டு உட்காரும் இந்தியன் டைப். இடுப்பு ஆபரேஷன் ஆனவர் அதில் உட்காரவே கூடாது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் நாம்தான் எழுதிக் கொடுக்கிறோம்! அப்படியானால் அவர் எங்கேதான் போவார்? மறைப்பு ஸ்கிரீன் இல்லாத வார்டில் நாலு பேர் அட்டெண்டர்கள் நடுவே ஒரு பெண் பெட்பேனில் எப்படி இருப்பாள்? அவளே "டியூப் இருக்கட்டும்மா" என்று கையெடுத்துக் கும்பிடுவாள். அவளுக்குத் தொற்றைப் பற்றி விளக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு ஸ்கிரீன் வாங்கிக் கொடுங்கள்.

அதனால் என் முதல் வேண்டுகோள் கிருமிநாசினி பற்றியது இல்லை. வார்டுக்கு இரண்டு கமோடு நாற்காலி, கட்டிலுக்கு ஒரு பெட்பேன், ஆண்களுக்கு ஒரு யூரின் கேன், சக்கரம் வைத்த ஸ்கிரீன், ராத்திரிக்குக் கூட ஒரு ஆயாம்மா. தொற்றுத் தடுப்புக்கு நிதி ஒதுக்கும்போது இவையும் தொற்றுத் தடுப்புச் சாமான்தான் என்று ஆடிட்டரிடம் அடித்துச் சொல்லுங்கள். ஒரு கமோடு நாற்காலியின் விலை, என் அண்ணனுக்குப் போட்ட ஊசிகளின் பில்லோடு ஒப்பிட்டால் எங்கேயோ கிடக்கிறது.

இரண்டாவது வேண்டுகோள்தான் முக்கியமானது. டியூபை எடுக்கும் அதிகாரத்தை எழுத்தில் செவிலியருக்குக் கொடுங்கள்.

டியூப் யாருக்குத் தேவை என்பதில் பெரிய சர்ச்சை ஒன்றும் இல்லை. மூத்திரம் அடைத்துக்கொண்டவர், மணிக்கு மணி அளவு பார்த்தே தீர வேண்டிய ஐசியூ நோயாளி, சில ஆபரேஷன்கள், அசையவே கூடாத முதுகெலும்பு முறிவு, படுக்கைப் புண்ணில் மூத்திரம் பட்டு ஆறாமல் இருப்பவர், கடைசி நாட்களில் நிம்மதிக்காகக் கேட்பவர். இந்தக் காரணங்களை ஒரு தாளில் அச்சடித்து கேஸ் ஷீட்டோடு சேருங்கள். டியூப் போடும்போதே எந்தக் காரணம் என்று டிக் அடித்து, தேதியும் எழுதட்டும். தினமும் காலை ஏழரை மணிக்கு டியூட்டி மாறும் ஹேண்ட்ஓவரில் ஒரு கேள்வி: இந்தக் காரணம் இன்றைக்கும் இருக்கிறதா? இல்லையென்றால், டாக்டர் "வைத்திரு" என்று எழுதியிருந்தால் ஒழிய, சிஸ்டர் எடுத்துவிட்டு எழுதி வைக்கலாம். இப்போது எடுப்பதற்கு உத்தரவு வேண்டியிருக்கிறது. வைத்திருப்பதற்கு உத்தரவு வேண்டும் என்று மாற்றச் சொல்கிறேன். இப்படி நினைவூட்டும் ஏற்பாடும் தானாக நிறுத்தும் உத்தரவும் வைத்துப் பார்த்த ஆய்வுகளை 2010இல் தொகுத்தார்கள். தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. பிறகு அமெரிக்காவில் 603 மருத்துவமனைகள் சேர்ந்து செய்த முயற்சியின் கணக்கு 2016இல் வெளிவந்தது. சாதாரண வார்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஐசியூவில் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ஆகவே கவனத்தை எல்லாம் ஐசியூவில் வைத்துவிட்டு வார்டை விட்டுவிடாதீர்கள். என் அண்ணனுக்கு வந்தது வார்டில்தான்.

எடுத்த பிறகு மூத்திரம் போகாவிட்டால்? டாக்டர்களின் இந்தப் பயம் வீண் பயம் அல்ல, புராஸ்டேட் வீங்கிய தாத்தாக்கள் நம் வார்டுகளில் நிறையப் பேர். அதற்குத்தான் எடுத்த நேரத்தைக் குறித்து, ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் எவ்வளவு போனார் என்று பார்க்கச் சொல்கிறோம். போகவில்லையென்றால் ஒருமுறை போட்டு வடித்துவிட்டு எடுத்துவிடலாம். கசிவு மட்டுமே பிரச்சினையாக உள்ள ஆண்களுக்கு வெளியே மாட்டும் காண்டம் கதீட்டர் போதும். எடுப்பதற்கு முன் ஒருநாள் முழுக்க டியூபைக் கிளாம்ப் போட்டு மூடி மூடித் திறந்து "பழக்குவது" என்று நாங்கள் படித்தோமே, சில நாள் இருந்த டியூபுக்கு அது தேவையில்லை. ஒரு நாள் வீணாவதுதான் மிச்சம்.

தேவையில்லாதவை இன்னும் உண்டு. தினமும் பெட்டாடின் போட்டுத் துடைக்க வேண்டாம். குளிப்பாட்டும்போது சோப்பும் தண்ணீரும் போதும். வழக்கமாக பிளாடர் வாஷ், அதாவது டியூப் வழியாக மூத்திரப்பையைக் கழுவுவது, கொடுக்க வேண்டாம். பத்து நாளுக்கு ஒருதரம் என்று காலண்டர் பார்த்து டியூப் மாற்ற வேண்டாம். அடைத்தாலோ தொற்று வந்தாலோ மாற்றினால் போதும். டியூப் இருக்கிறதே என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம். வெள்ளி பூசிய டியூப் என்று கம்பெனி ரெப் வந்து காட்டினால், இங்கிலாந்தில் 7000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2012இல் வெளியிட்டதை அவரிடம் கேளுங்கள்: சில நாள் வைக்கும் டியூபுக்கு அதனால் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. மிச்சப்படும் பணத்தில் கையுறை வாங்கலாம்.

கையுறை என்றதும் அந்தக் குவளை ஞாபகம் வருகிறது. அண்ணன் இருந்த வார்டில் காலை ஆறு மணிக்கு ஒரு பச்சை பிளாஸ்டிக் குவளை கிளம்பும். முதல் கட்டிலில் பேக்கின் குழாயைத் திறந்து, குழாய் குவளைக்குள் முங்கும்படி வைத்து வடிப்பார்கள். அளவைச் சொல்ல, ஒருவர் நோட்டில் எழுதுவார். கொண்டுபோய் ஊற்றிவிட்டு, அதே குவளை, அதே கையுறையோடு அடுத்த கட்டிலுக்கு. பன்னிரண்டு கட்டில். வேகமும் சுறுசுறுப்பும் பார்க்க அழகாகவே இருக்கும்! முதல் கட்டில்காரரின் கிருமி பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போக அதைவிட நல்ல வாகனம் கிடையாது. இப்படிக் கைவழியாகவும் குவளைவழியாகவும் ஒரே கிருமி வார்டு முழுக்கப் பரவியதை உலகத்தின் பல மருத்துவமனைகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு குவளை, அதில் கட்டில் நம்பர், குழாய் முனை குவளையைத் தொடாமல் வடிப்பது, ஒருவருக்கு முடித்ததும் கையுறையைக் கழற்றிக் கை கழுவுவது. பேக் மூத்திரப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. டியூப் இழுபடாமல் தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்ட வேண்டும். இதையெல்லாம் செய்யப்போவது ஆயாம்மாவும் வார்டு தம்பியும். வகுப்பு எடுப்பதோ டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் மட்டும். பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வந்து ஆறு மாதத்தில் மாறிப்போகிறவர்கள் என்பதால் அவர்களை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அரை மணி நேரம் போதும். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துச் சொல்லுங்கள், நன்றாகவே செய்வார்கள்.

கல்ச்சர் பற்றியும் ஒரு வார்த்தை. பேக்கில் மணிக்கணக்காகத் தேங்கியதை எடுத்து லேபுக்கு அனுப்புவது இன்னும் நடக்கிறது. அதில் கிருமி வளராவிட்டால்தான் ஆச்சரியம். டியூபில் சாம்பிள் எடுக்கும் இடத்தைத் துடைத்து சிரிஞ்சில் எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆன டியூப் என்றால் புதியது போட்டு அதிலிருந்து எடுக்க வேண்டும். காய்ச்சலோ அடிவயிற்று வலியோ எதுவும் இல்லாதபோது "எதற்கும் பார்த்து வைப்போம்" என்று கல்ச்சர் அனுப்பாதீர்கள். பாசிட்டிவ் என்று வரும். வந்தால் மருந்து எழுதாமல் இருக்க மனம் வராது. கர்ப்பிணிகளுக்கும், மூத்திரப்பாதையில் ஆபரேஷன் செய்யப் போகிறவர்களுக்கும் மட்டும் அது வேறு விஷயம். மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாத கிருமிக்குக் கொடுக்கும் மருந்து, நாளைக்கு மருந்துக்கு மசியாத கிருமியை வளர்க்கும். மூத்திரம் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்று அட்டெண்டர்கள் ஓடி வருவார்கள். அது மட்டுமே தொற்றுக்கு அடையாளம் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லத்தான் நேரம் வேண்டும். நம் பக்கத்திலேயே, புதுச்சேரியில், மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்), மருந்துக்கு மசியாத கிருமிகளைப் பற்றி நடத்தும் கண்காணிப்பில் முக்கிய மையங்களில் அதுவும் ஒன்று. படித்தவர்களுக்குப் பஞ்சம் உள்ள ஊர் இல்லை இது.

அப்புறம் கணக்கு. அமெரிக்காவில் 2008 அக்டோபரிலிருந்து, மருத்துவமனையில் டியூபால் வந்த தொற்றுக்கு ஆகும் கூடுதல் செலவை அரசுக் காப்பீடு தருவதில்லை. இங்கே அப்படிச் செய்தால் யாரும் தொற்றே எழுதமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். நமக்கு 2015இல் வந்த, அரசு மருத்துவமனைகளின் சுத்தத்துக்குப் பரிசு தரும் காயகல்ப் திட்டத்தில் தொற்றுத் தடுப்புக்கு மதிப்பெண் உண்டு. மதிப்பெண் போடும் குழு வரும் வாரம் சுவருக்கு வண்ணமும் ஃபினாயில் வாடையுமாக இருக்கும். அந்த வாரம் எத்தனை பேருக்கு டியூப் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறோமா? தினமும் ஒரே நேரத்தில் வார்டில் உள்ள டியூப்களை எண்ணுங்கள். இருபது டியூப் முப்பது நாள் என்றால் 600 டியூப் நாள். அதில் மூன்று பேருக்குத் தொற்று என்றால் ஆயிரம் டியூப் நாளுக்கு ஐந்து. இதில் ஒரு சிக்கல், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தேவையற்ற டியூப்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நோய் முற்றியவர்களின் டியூப்கள்தான். டியூப் நாள் குறையும், தொற்றும் குறையும், ஆனால் ஆயிரத்துக்கு எவ்வளவு என்ற எண் சில சமயம் ஏறிக்கூட நிற்கும். அதைப் பார்த்துவிட்டு மீட்டிங்கில் அந்த இன்சார்ஜ் சிஸ்டரைத் திட்டாதீர்கள். மொத்தம் எத்தனை டியூப், மொத்தம் எத்தனை தொற்று என்று அந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

டியூபோடு வீட்டுக்குப் போகிறவர்களை மறந்துவிட்டேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் விருத்தாசலம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெரியவரைப் போன மாதம் பார்த்தேன். மஞ்சள் துணிப்பைக்குள் யூரின் பேக்கைப் போட்டு மடியில் வைத்திருந்தார். வேட்டிக்கு மேலே எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம். எப்போது எடுக்கச் சொன்னார்கள் என்று கேட்டேன். சீட்டை எடுத்துக் காட்டினார். "மறுபரிசீலனைக்கு வரவும்" என்று இருந்தது, தேதி இல்லை. "அவங்க சொன்னா போவணும்மா" என்றார். பேக்கைக் காலோடு கட்டிக்கொள்ளும் விதத்தை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தேன். பஸ் வந்துவிட்டது. டியூபோடு அனுப்பும் ஒவ்வொருவரின் சீட்டிலும் எடுக்க வேண்டிய தேதியையும் இடத்தையும் எழுதுங்கள். அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கலாம் என்றால் அதையும் எழுதுங்கள், இரண்டு பஸ் மாறி வருவது மிச்சமாகும்.

இந்த மடலை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிய கதையை எடுத்துவிடச் சொன்னார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்களில் யாராவது ஒரே ஒரு வார்டில் இதை ஆரம்பித்துப் பார்ப்பதென்றால், காலை ஏழரை மணி ஹேண்ட்ஓவருக்கு ஒரு மாதம் வந்து கூட நிற்க நான் தயார். தாள் அச்சடிக்கும்போது காரணங்களைத் தமிழிலும் போடுங்கள், ஆயாம்மாவும் படிக்கட்டும். சம்பளம் வேண்டாம், பஸ் செலவும் என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.